30,000 இருக்கு, யோக்கா விஆரா? வீட்டுல பறக்கிறவங்க இழை

கேள்வி: 8 ஜூன் 2025, இரவு 9.40

அண்ணா, கம்ப்யூட்டர்ல விமானம் ஓட்டுற எக்ஸ்-ப்ளேன் 12 சிமுலேட்டர் (சிம்) போட்டு நாலு மாசம் ஆச்சு. லாஜிடெக் எக்ஸ்ட்ரீம் 3டி ப்ரோ ஜாய்ஸ்டிக், 27 இஞ்ச் மானிட்டர், அவ்வளவுதான் இருக்கு. ஏறுறேன், இறங்குறேன், ஆனா கேம் ஆடுற மாதிரியேதான் இருக்கு. கையில 30,000 சேர்த்து வச்சிருக்கேன். கண்ணுல மாட்டுற விஆர் ஹெட்செட் வாங்கவா, விமானத்து ஸ்டீயரிங் மாதிரி இருக்கிற யோக் வாங்கவா? எதை வாங்கினா நிஜமா உள்ள உக்காந்திருக்கிற மாதிரி இருக்கும்?

8 ஜூன், இரவு 11.15

ரெண்டும் வேண்டாங்க தம்பி. கால்ல மிதிக்கிற ரடர் பெடல் வாங்குங்க. காரணம் காலையில எழுதுறேன், கண்ணு சொருகுது.

9 ஜூன், காலை 6.50

காரணம் இதுதான். உங்க ஜாய்ஸ்டிக்ல ரடர் எங்க இருக்கு, கைப்பிடியைத் திருகினா ரடர். றெக்கையைச் சாய்க்கிற ஏலரான், மூக்கைத் தூக்கி இறக்குற எலிவேட்டர், மூக்கை இடம் வலம் திருப்புற ரடர், மூணும் ஒரே மணிக்கட்டுல. செஸ்னா 172-ங்கற சின்ன ஒத்தை எஞ்சின் விமானத்துல முழு த்ராட்டில் குடுத்து ஓட ஆரம்பிச்ச உடனே மூக்கு இடது பக்கம் போகப் பாக்கும். எஞ்சினோட டார்க், ப்ரொப்பெல்லர் சுழட்டி அடிக்கிற காத்து வால்ல வந்து மோதுறது, மூக்கைத் தூக்கினதும் வலப்பக்கம் இறங்குற பிளேடு கூடுதலா இழுக்கிறது, எல்லாம் சேர்ந்து பண்ற வேலை. அதுக்கு வலது கால் வேணும். காலுக்கு வேலை இல்லாத வரைக்கும் உடம்பு சோபாவுலதான் உக்காந்திருக்கும், கண்ணு மட்டும்தான் பறக்கும்.

நான் பெடல் வாங்கலை, செஞ்சேன். நமக்குத்தான் கோயமுத்தூர்ல தடுக்கி விழுந்தா லேத் பட்டறை. பம்புக்கு ஷாஃப்ட் கடையிற பட்டறைக்காரர்கிட்ட பேப்பர்ல படம் வரைஞ்சு காட்டினேன், ரெண்டு தடவை பாத்துட்டு "இது எந்த மிஷினுக்குங்க"ன்னார். ஏரோப்ளேனுக்குன்னேன். மேலயும் கீழயும் பாத்துட்டு "அட்வான்ஸ் குடுத்துட்டுப் போங்க"ன்னுட்டார். ஜிஐ பைப், ஸ்கூட்டர் சக்கரத்து பேரிங் நாலு, ரெண்டு ஸ்பிரிங், நடுவுல எவ்வளவு திரும்புதுன்னு அளக்க ஒரு 10கே பொட்டென்ஷியோமீட்டர், அதைப் படிச்சுக் கம்ப்யூட்டருக்குச் சொல்ல ஒரு ஆர்டுயினோ லியனார்டோ. கூலியோட 2,800 ஆச்சு. லியனார்டோ போர்டு ஏன்னா அதைக் கம்ப்யூட்டர் நேரா ஜாய்ஸ்டிக்னே எடுத்துக்கும், இன்னொரு ஆர்டுயினோ போர்டு ஊனோவுல அது சுலபத்துல நடக்காது.

முதல் நாளே ஒரு சொதப்பல். பெடலை மிதிச்சா ரடர் படி படியா குதிக்குது. லியனார்டோ 0-வுல இருந்து 1023 வரைக்கும் எண்ணும். ஆனா பொட்டென்ஷியோமீட்டர் மொத்தம் 270 டிகிரி திரும்புறது, என் பெடல் அதுல 60 டிகிரிதான் திருப்புது, அப்போ எனக்குக் கெடைக்கிறது 227 படிதான். அதுலயும் கார்பன் தேஞ்சு நடுவுல நடுக்கம் வேற. ஒரு மாசம் பொறுத்துட்டு காந்தத்தை உணர்ற ஹால் சென்சாரும் சின்ன காந்தமும் வச்சு மாத்தினேன். ஒண்ணோட ஒண்ணு உரசாது, அதனால தேயாது. கடையில பெடலோ ஸ்டிக்கோ வாங்குறவங்களும் முதல்ல கேக்க வேண்டியது இதைத்தான், பொட்டென்ஷியோமீட்டரா ஹால் சென்சாரா. கலர் லைட் எரியுதாங்கறதெல்லாம் அப்புறம்.

9 ஜூன், இரவு 10.05

"யோக் ஏன் வேண்டாம்"னு ஒருத்தர் சண்டைக்கு வந்திருக்கார். வேண்டாம்னு யார் சொன்னா, முதல்ல வேண்டாம்னேன். நீங்க எதை ஓட்டுறீங்கங்கறதைப் பொறுத்தது. செஸ்னா, 737 ஓட்டுறவருக்கு ஹனிகோம்ப் ஆல்ஃபா மாதிரி யோக் ஒரு சுகம். ஏர்பஸ் 320-ல யோக்கே கெடையாது, பக்கத்துல சைடுஸ்டிக்தான். மைக்ரோசாஃப்ட் சிமுலேட்டருக்கு ஃப்ளைபைவயர்ங்கற குழு இலவசமா குடுக்கிற ஏ320-ஐ ஓட்டிக்கிட்டு யோக்கைப் பிடிச்சிருக்கிறது பைக் ஓட்டும்போது ஸ்டீயரிங் பிடிச்ச மாதிரி.

11 ஜூன், இரவு 11.30

என் பதிலை நானே திருத்துறேன். பெடல் ரெண்டாவது. முதல்ல ஹெட் டிராக்கிங், அதாவது தலை திரும்பினா காட்சியும் கூடவே திரும்புற வசதி.

நேத்து ராத்திரி அதை ஆஃப் பண்ணிட்டு மூணு சுத்து போய்ப் பாத்தேன், பாக்கணும்னேதான். ரன்வேக்கு இணையா டவுன்விண்ட்ல போறோம், ரன்வே முனை தோளுக்குப் பின்னால 45 டிகிரி போனதும் பேஸுக்கு, அதாவது ரன்வேக்குக் குறுக்கா போற கட்டத்துக்கு, திரும்பணும். தலையைத் திருப்பிப் பாத்துத்தான் அதைத் தீர்மானிக்கணும். ஜாய்ஸ்டிக் மேல இருக்கிற ஹேட் சுவிட்சை, பார்வையைத் திருப்புற சின்னக் குமிழை, அமுத்தினா காட்சி டக்குனு பக்கவாட்டுக்குத் தாவுது, திரும்ப அமுத்தினா முன்னால தாவுது, நடுவுல எங்க இருக்கோம்னே தெரியலை. மூணு தடவையும் ஃபைனலை, ரன்வேக்கு நேரா இறங்குற கோட்டை, தாண்டிப் போய்த்தான் திரும்பினேன். பெடல் இருந்து என்ன பிரயோசனம்.

இதுல இன்னொரு விசேஷம், காசே வேண்டாம். ஓப்பன்ட்ராக் இலவசம், அதுல நியூரல்நெட் டிராக்கர்னு ஒண்ணு இருக்கு, சாதா வெப்கேமரா உங்க மூஞ்சியைப் பாத்தே கணக்குப் போட்டுக்கும். ரூம்ல வெளிச்சம் மட்டும் ஒழுங்கா இருக்கணும். கர்வ் செட் பண்றதுலதான் சூட்சுமம், நடுவுல அஞ்சு டிகிரி அசைஞ்சாலும் காட்சி நகரக்கூடாது, 30 டிகிரி தலை திரும்பினா காட்சி 120 டிகிரி திரும்பணும், கண்ணு மானிட்டரை விட்டு விலகாது. ரெண்டு நாள் கிறுக்குப் பிடிச்ச மாதிரி இருக்கும், மூணாவது நாள் மறந்தே போயிடும். மறந்து போச்சுன்னா சரியா செட் ஆயிடுச்சுன்னு அர்த்தம்.

நான் ஆரம்பத்துல பண்ணது பழைய முறை. பிஎஸ்3 ஐ கேமராவைக் கழட்டி, உள்ள இருக்கிற இன்ஃப்ராரெட் ஃபில்டரை எடுத்துட்டு, அதுக்குப் பதிலா ஃப்ளாப்பி டிஸ்க் உள்ள இருக்குமே கறுப்புத் தகடு, அதை வெட்டி வச்சு, ஹெட்போன்ல மூணு இன்ஃப்ராரெட் எல்இடி ஒட்டினேன். கண்ணுக்குத் தெரியற வெளிச்சத்தைத் தகடு தடுத்துடும், எல்இடி மட்டும் மூணு புள்ளியா தெரியும். பரண்ல இருந்து காலேஜ் ப்ராஜெக்ட் ஃப்ளாப்பியை எடுத்துக் கத்திரிக்கோல் போடும்போது மனசு ஒரு நிமிஷம் நின்னது உண்மை.

12 ஜூன், காலை 7.10

ஃப்ளாப்பின்னா என்னன்னு ரெண்டு பேர் கேட்டிருக்கீங்க. நல்லா இருங்க.

14 ஜூன், மாலை 4.20

லீவு நாள், நிதானமா ஒரு கணக்கு. "லேண்டிங்ல எப்பவும் சீக்கிரமா ஃப்ளேர் பண்ணிடறேன் (தரையைத் தொடுறதுக்கு முன்னால மூக்கைத் தூக்குறது), இல்லாட்டி ரன்வேயில போய் அடிக்கிறேன்"னு கேட்டவருக்கு.

27 இஞ்ச் மானிட்டரோட அகலம் ஏறக்குறைய 60 செ.மீ. நீங்க 60 செ.மீ. தள்ளி உக்காந்தா அது உங்க கண்ணுல 53 டிகிரிதான் அடைக்கும். சிம்ல ஃபீல்ட் ஆஃப் வியூ, அதாவது காட்டுற காட்சியோட அகலம், 80, 90 டிகிரின்னு வச்சிருந்தா அவ்வளவு பெரிய உலகத்தை இந்தச் சின்ன ஜன்னலுக்குள்ள நசுக்கித் திணிக்குது. ரன்வே சின்னதா, தூரமா, கீழ இருக்கிற மாதிரி தெரியும். உயரக் கணிப்பு தப்பாகாம என்ன ஆகும். சேரை முன்னால இழுத்து 45 செ.மீ.க்கு வந்தா 67 டிகிரி ஆயிடும், சிம்லயும் அதையே வைங்க. பக்கவாட்டுல தெரியறது குறையும், அதுக்குத்தான் ஹெட் டிராக்கிங். மேசையைக் கொஞ்சம் தள்ளினது தவிர செலவே இல்லை. எனக்கு லேண்டிங் சரியானது பெடல் வந்தப்போ இல்லை, டேப் எடுத்து அளந்த அன்னிக்கு.

அப்படியே உக்காற இடத்தையும் பாருங்க. சுத்துற ஆபீஸ் சேர்ல உக்காந்து பெடலை மிதிச்சா சேர் பின்னால போகும். உக்கடத்துல பழைய சாமான் கடையில மாருதி 800 டிரைவர் சீட் ஒண்ணு கெடைச்சது, பலகையில போல்ட் போட்டு வச்சிருக்கேன். ஊட்டுல அது வந்தப்போ நடந்த பேச்சை இங்க எழுத முடியாது.

19 ஜூன், இரவு 10.50

விஆர் பத்தி நான் ஓரவஞ்சனை பண்றேன்னு தம்பி வருத்தப்பட்டிருந்தார். நியாயம்தான். அதனால ஃப்ரெண்டோட ஹெட்செட்டை ஒரு வாரம் கடன் வாங்கி ஓட்டிப் பாத்துட்டு எழுதுறேன்.

முதல் அஞ்சு நிமிஷம் வாயைப் பொளந்துட்டு உக்காந்திருந்தேன், ஒத்துக்கிறேன். செஸ்னா இவ்வளவு குறுகலாங்கறது மானிட்டர்ல தெரியவே தெரியாது. றெக்கை தலைக்கு மேல நிஜமாவே இருக்கு. உயரக் கணிப்பு தானா வருது, மேல நான் எழுதின டேப் கணக்கெல்லாம் வேண்டாம், ரெண்டு கண்ணுக்கும் தனித்தனி படம்.

ஆறாவது நிமிஷம் ஜாய்ஸ்டிக்ல பட்டன் எங்கன்னு தடவ ஆரம்பிச்சேன். பத்தாவது நிமிஷம் சார்ட்டைப் (விமான வரைபடம்) பாக்கணும், பேப்பர் மடியில இருக்கு, கண்ணுல டப்பா இருக்கு. இருபதாவது நிமிஷம் வேர்வை. கண்ணு திரும்புறோம்ங்குது, காதுக்குள்ள இருக்கிற சமநிலை உறுப்பு இல்லை சும்மாதான் உக்காந்திருக்கோம்ங்குது, நடுவுல வயிறு மாட்டிக்குது. டேபிள் ஃபேனை மூஞ்சிக்கு நேரா வச்சா குமட்டல் பாதி குறையுது. அதோட காக்பிட் ஜன்னல்ல காத்து வர்ற மாதிரியும் இருக்குது, ஃபேன் மட்டும் என் பட்டியல்ல நிரந்தரமா சேர்ந்துடுச்சு.

வாங்குறதுன்னா ஒண்ணு மட்டும் பாருங்க. செகண்ட் ஹேண்ட்ல விண்டோஸ் மிக்ஸட் ரியாலிட்டி வகை ஹெட்செட் மலிவா வரும். விண்டோஸ் 11-ல 24எச்2 பதிப்போட அந்த வசதியையே எடுத்துட்டாங்க. மலிவா வர்றதுக்குக் காரணம் அதுதான்.

அப்புறம் கிராபிக்ஸ் கார்டு. விஆர்ல படம் விக்கி விக்கி ஓடினா மானிட்டர்ல விக்குறதை விட பத்து மடங்கு கொடுமை. மானிட்டர்காரங்களுக்கும் சொல்றேன், நொடிக்கு 30 படத்துக்கும் 55 படத்துக்கும் நடுவுல ஆடிக்கிட்டே இருக்கிறதை விட 60 ஹெர்ட்ஸ் மானிட்டர்ல கச்சிதமா 30-ன்னு பூட்டி வைக்கிறது கண்ணுக்கு இதமா இருக்கு.

22 ஜூன், மாலை 6.30

இன்னிக்கு நடந்ததை எழுதியே ஆகணும்.

எங்க வீடு அவிநாசி ரோட்டுப் பக்கம். தென்மேற்குப் பருவக்காத்து ஆரம்பிச்சா பாலக்காட்டுக் கணவாய் வழியா வர்ற காத்து கோயமுத்தூரையே தூக்கிட்டுப் போகும், மொட்டை மாடியில போட்ட துணி எதிர்வீட்டுலதான் கெடைக்கும். ஏர்போர்ட்ல ரன்வே 05/23, அதாவது திசைகாட்டியில ஒரு பக்கம் 50 டிகிரி, மறுபக்கம் 230. இந்த சீசன்ல 23-லதான் இறங்குவாங்க, காத்து மேற்கேயிருந்து. சாயந்திரம் சிம்ல லைவ் வெதர் போட்டேன், காத்து 260 டிகிரியில இருந்து 18 நாட்னு (மணிக்கு 18 நாட்டிகல் மைல்) வந்துச்சு. 230-ல ஓடுற ரன்வேக்கு 260 காத்துன்னா 30 டிகிரி சாய்வு, அதுல பாதி பக்கவாட்டுக் காத்து, 9 நாட். செஸ்னா 172-க்கு புக்ல காட்டியிருக்கிறது 15, அதனால பயமில்லை, ஆனா வேலை இருக்கு.

ஃபைனல்ல மூக்கை வலது பக்கம் நண்டு மாதிரி வச்சுக்கிட்டு 65 நாட்ல வந்துக்கிட்டிருக்கேன், அப்பப் பாத்து கரண்ட் சிக்கனம்னு ஊட்டுக்காரி ஏசியை ஆஃப் பண்ணிட்டு மேற்கு ஜன்னலைத் திறந்து விட்டுட்டா. அதே காத்து! சிம்ல வலது பக்கத்துல இருந்து அடிக்குது, நெசமாவும் வலது கன்னத்துல அடிக்குது, சார்ட் பேப்பர் படபடங்குது, வெளியில தென்னை மட்டை சத்தம். ஒரு காத்து தூக்கிப் போட்டுச்சு, ஸ்க்ரீன்ல றெக்கை ஆடுறப்பவே ஜன்னல் கதவும் அடிச்சுது. நான் யதார்த்தமா இடது காலை மிதிச்சு வலது றெக்கையை இறக்கினேன். யோசிச்சுப் பண்ணலை.

ஒத்துப்போனது தற்செயல்தான், அதே விநாடியில அதே காத்து வீசாதுன்னு எனக்கும் தெரியும். ஆனா நாலு வருஷமா காசு போட்டு வாங்கின எதுவும் அப்படி ஒரு பத்து விநாடியைக் குடுக்கலை. ஜன்னல்! மேசைக்கு வலது பக்கம் மேற்கு ஜன்னல் இருக்கணும்னு வாஸ்து மாதிரி சொல்ல ஆரம்பிச்சுடுவேன் போல.

28 ஜூன், இரவு 9.15

சத்தமும் அதிர்வும். பாஸ் ஷேக்கர்னு விக்கிறாங்க, ஸ்பீக்கர் மாதிரிதான், ஆனா கோன் இருக்காது, மாட்டின பொருளை ஆட்டும். சவுண்டு வெளியீட்டுல ஸ்ப்ளிட்டர் போட்டு ஒரு வயரை 50 வாட் ஆம்ப் போர்டுக்குக் குடுத்து, தாழ்ந்த சத்தத்தை மட்டும் விடுற லோ பாஸ் ஃபில்டர் வழியா ஷேக்கருக்கு. என்னுது மாருதி சீட்டுக்கு அடியில. எஞ்சின் 2,400 ஆர்பிஎம்னா நொடிக்கு 40 சுத்து, அதனால ஃபில்டரை 50 ஹெர்ட்ஸுக்கு மேல வெட்டுற மாதிரி வைங்க.

ஹெட்போன்ல ரேடியோக் குரல் மட்டும் வரட்டும், எஞ்சின் சத்தம் ரூம்ல ஸ்பீக்கர்ல வரட்டும். ஹெட்போன் போட்டுக்கிட்டு வெளியில எஞ்சின் மந்தமா கேக்குமே, காக்பிட்ல அதுதான் கேக்கும்.

29 ஜூன், காலை 8.00

நேத்து எழுதின 40 தப்பு. ராத்திரி படுத்தப்புறம் உறைச்சது. நாலு சிலிண்டர், நாலு ஸ்ட்ரோக் எஞ்சின், ஒரு சுத்துக்கு ரெண்டு தடவை வெடிக்கும். 2,400-ல 80 ஹெர்ட்ஸ். ரெண்டு பிளேடு ப்ரொப்பெல்லரும் ஒரு சுத்துக்கு ரெண்டு தடவை காத்தை வெட்டும், அதுவும் 80. ஃபில்டரை 100-க்குப் பக்கத்துல வைங்க. 50-ல வெட்டினா தரையில ஊர்ந்து டாக்சி போறப்போ மட்டும் ஆடும், மேல ஏறினதும் செத்த மாதிரி இருக்கும். நான் ரெண்டு மாசமா அப்படித்தான் ஓட்டிக்கிட்டு, ஷேக்கர் சரியில்லைன்னு திட்டிக்கிட்டு இருந்திருக்கேன்.

2 ஜூலை, இரவு 10.40

ஃபில்டரை மாத்தினேன். கீழ் வீட்டுக்காரர் மேல வந்தார். கிரைண்டர் ஓடுதான்னு கேட்டார். ராத்திரி ஒன்பதரைக்கு மேல மாவாட்டுறவங்க யார்னு அவருக்கும் சந்தேகம். சீட் பலகைக்கு அடியில வாஷிங் மெஷினுக்கு வைக்கிற ரப்பர் பாதம் நாலு வச்சாச்சு. ஆனாலும் ஒன்பது மணிக்கு மேல ஷேக்கர் ஆஃப்னு ஒப்பந்தம். அவர் முகம் இன்னும் தெளியலை.

6 ஜூலை, மாலை 5.00

ட்ரிம். இதைப் பத்தி யாரும் கேக்கலை, நானே எழுதுறேன்.

நிஜ செஸ்னால மூக்கு இறங்குதுன்னா யோக்கைப் பின்னால இழுத்துப் பிடிக்கணும், கை வலிக்கும். ட்ரிம் சக்கரத்தைக் கொஞ்சம் கொஞ்சமா உருட்டினா யோக் இருந்த இடத்துலயே இருக்கும், கையில இருக்கிற கனம் மட்டும் கரைஞ்சுக்கிட்டே வரும், கடைசில கையை விட்டாலும் அப்படியே நிக்கும். ஸ்பிரிங் வச்ச ஜாய்ஸ்டிக்ல இது நடக்காது. ஸ்பிரிங்குக்கு அதோட நடு எங்கேன்னு மட்டும்தான் தெரியும். இழுத்துப் பிடிச்சுக்கிட்டே ட்ரிம் பண்ணினா மூக்கு எகிறும், அதனால ட்ரிம் உருட்ட உருட்ட ஸ்டிக்கை நடுவுக்கு விட்டுக்கிட்டே வரணும். ரெண்டு கைக்கும் ஒரு சமரசம். புதுசா வர்றவங்க "ட்ரிம் புரியலை"ன்னு சொல்றது அவங்க தப்பில்லை, ஸ்பிரிங் பொய் சொல்லுது.

இதைத் தீர்க்கிறது ஃபோர்ஸ் ஃபீட்பேக். உள்ள மோட்டார் இருக்கும், நடு எங்கேங்கறதை சிம் சொல்லும். 2000 வாக்குல மைக்ரோசாஃப்ட் சைட்வைண்டர் ஃபோர்ஸ் ஃபீட்பேக் 2-ன்னு ஒண்ணு விட்டாங்க, இன்னிக்கும் தேடி வாங்குறாங்க. அதோட கைப்பிடியில ஒரு சென்சார், கை வச்சாத்தான் மோட்டார் வேலை செய்யும், அதுக்கு மேல டேப் ஒட்டி ஏமாத்துறவங்களும் உண்டு. இப்போ மோசா, ப்ரன்னர், விபிஃபோர்ஸ்னு புதுசு வருது, விலை நம்ம பட்ஜெட் பக்கமே வராது. பல சிம்முக்கு நடுவுல தனி சாஃப்ட்வேரும் வேணும்.

நமக்குக் கட்டுபடியாகிறது ட்ரிம் சக்கரம். கீபோர்டு பட்டன்ல ட்ரிம் பண்ணா ஒவ்வொரு அமுத்தலுக்கும் ஒரு குதி. அம்மாவோட பழைய தையல் மிஷின் கைச்சக்கரத்தை, சுத்தை எண்ணுற ஒரு ரோட்டரி என்கோடர்ல மாட்டி, மொபிஃப்ளைட் சாஃப்ட்வேர், அதுவும் இலவசம், அதுல இணைச்சேன். சீட்டுக்குப் பக்கத்துல வலது முழங்காலுக்கு நேரா. இரும்புச் சக்கரம், நல்ல கனம், உருட்டினா தானா கொஞ்சம் ஓடி நிக்கும். கையில பிடிக்கிற பொருளுக்கு எடை இருந்தாலே மூளை பாதி நம்பிடுது.

அந்த மாதிரி கனம் ஞாபகம் இருக்கக் காரணம், ஒரே ஒரு தடவை நெசமா மேல போயிருக்கேன். பெங்களூரு ஜக்கூர்ல மைக்ரோலைட்ங்கற குட்டி விமானம், பத்து நிமிஷமோ என்னவோ. கீழ என்ன தெரிஞ்சுதுன்னு கேட்டா சொல்லத் தெரியாது. பெட்ரோல் வாசம், வெயில்ல சூடான மண்ணுக்கு மேல போறப்போ அடியில இருந்து யாரோ உதைக்கிற மாதிரி ஒரு தூக்கல், ஓட்டினவரோட கை ஒரு விநாடி கூட சும்மா இல்லாம துளித்துளியா அசைஞ்சது, இந்த மூணும் மறக்கலை. எந்த கிராபிக்ஸ் கார்டுலயும் அந்த மூணுல ஒண்ணு கூட வராது.

13 ஜூலை, இரவு 11.50

இன்னிக்கு வாட்சிம். கை நடுக்கம் இன்னும் போகலை.

தெரியாதவங்களுக்கு: 2001-ல இருந்து ஓடுற இலவச நெட்வொர்க். விமானங்களுக்கு ரேடியோவுல வழி சொல்ற ஏடிசி கன்ட்ரோலரா உக்காந்திருக்கிறவங்க நெச மனுசங்க, சம்பளம் இல்லாம ஆசைக்கு வர்றவங்க. கன்ட்ரோலர் யாரும் இல்லாத இடத்துல 122.800 அலைவரிசையில நம்ம நிலையை நாமே சொல்லிக்கணும். நான் ஒரு வருஷமா அந்த 122.800-லயே ஒளிஞ்சுக்கிட்டு இருந்தவன். இன்னிக்கு சென்னையில ஆள் இருந்தாங்க.

சொல்ல வேண்டியதைப் பேப்பர்ல எழுதி வச்சு மூணு தடவை படிச்சுப் பாத்தேன். பட்டனை அமுத்தினதும் விக்டர் டாங்கோ, விமானப் பேரோட முதல் ரெண்டு எழுத்து, வரைக்கும்தான் வந்துச்சு, மிச்சம் தொண்டையில. அந்தப் பக்கம் பொறுமையா "ஸ்டேஷன் காலிங், சே அகெய்ன்". ரெண்டாவது தடவை வந்துட்டுது. க்யூஎன்எச் (காத்தழுத்தம்), ஸ்குவாக் (ராடார்ல நம்ம எண்), ரன்வே, வரிசையா திருப்பிச் சொல்லி, அவர் "ரீட்பேக் கரெக்ட்"னு சொன்னப்போ பன்னெண்டாவது ரிசல்ட் பாத்த மாதிரி ஒரு மூச்சு. அதுக்கப்புறம் பாருங்க, பாஸ் பட்டன் அமுத்தி நிறுத்தி வைக்க முடியாது, நாலு மடங்கு வேகத்துல ஓட்ட முடியாது, செல்போன் அடிச்சா எடுக்க முடியாது. பின்னால இன்னொருத்தர் வர்றார், நான் ரன்வேயை விட்டு வெளியேறணும், டாக்சிவே எங்கன்னு சார்ட்ல முன்னாடியே பாத்து வச்சிருக்கணும். சார்ட்டுக்கும் காசு வேண்டாம், இந்தியாவுக்கு ஏர்போர்ட்ஸ் அத்தாரிட்டியோட ஈஏஐபி-ங்கற இணையத் தொகுப்புல எல்லாம் கெடைக்குது, ப்ளானுக்கு சிம்ப்ரீஃப் இலவசம்.

தம்பி முதல் நாள் கேட்டாரே, உள்ள உக்காந்திருக்கிற மாதிரி இருக்க என்ன வேணும்னு. தப்பு பண்ணா இன்னொரு மனுசன் காத்திருப்பான்ங்கற பயம். அதை எந்தக் கடையிலயும் விக்கலை.

14 ஜூலை, காலை 7.30

என்ற பொண்ணு காலையில காபி குடிச்சுக்கிட்டே கேக்குது, "அப்பா, நேத்து யாரைப் பாத்து அத்தனை சார் போட்டீங்க?" ரோஜர் சார், வில்கோ சார்னு போட்டிருக்கேன் போல. குரலைக் கேட்டா அந்தக் கன்ட்ரோலருக்கு மீசை முளைச்சிருக்குமான்னே சந்தேகம். வாட்சிம்ல 13 வயசுல சேரலாம்.

20 ஜூலை, மதியம் 2.00

சீனரி கேட்டவருக்கு. எக்ஸ்-ப்ளேனுக்கு ஆர்த்தோ4எக்ஸ்பி-ன்னு ஒரு இலவச சாஃப்ட்வேர், சாட்டிலைட் படத்தைத் தரையில ஒட்டிக் குடுக்கும். ஒரு டிகிரிக்கு ஒரு டிகிரி துண்டு, ஜூம் 17-ல எடுத்தா பல ஜிபி போகும், கோயமுத்தூர் மதுரை போய் வர ஹார்டு டிஸ்க்ல இடம் பண்ணிக்கோங்க.

அந்த ரூட் ஒரு தடவை போய்ப் பாருங்க. நேர்கோட்டுல ஏறக்குறைய 95 நாட்டிகல் மைல், செஸ்னால ஒரு மணி நேரத்துக்குக் கிட்ட. தென்கிழக்கே போறதால விதிப்படி உயரம் 7,500 அடி. பழனி சரியா மூக்குக்குக் கீழ வரும், வலது பக்கம் கொடைக்கானல் மலை கிட்டத்தட்ட உங்க உயரத்துக்கே நிக்கும், வத்தலகுண்டு தாண்டினதும் மலை சரிஞ்சு விழும், இடது பக்கம் சிறுமலை. எத்தனையோ தடவை பஸ்ஸுல தூங்கிக்கிட்டே போன வழி. சொந்த ஊர் வழியை மேல இருந்து அடையாளம் கண்டுபிடிக்கிறது தனி போதை, அதுக்கு ஆல்ப்ஸ் மலை சீனரி ஈடாகாது.

மதுரை மேல தாழப் போனா மட்டும் மனசு உடையும். ஆர்த்தோ வெறும் போட்டோதானே, மீனாட்சியம்மன் கோயில் பெரிய கோபுரம் நாலும் நிழலோட சேர்ந்து தரையில படமா படுத்துக் கிடக்குது. 5,000 அடிக்குக் கீழ இறங்காதீங்க, அவ்வளவுதான் வைத்தியம்.

27 ஜூலை, இரவு 8.45

திருச்சியில ஃபைனல், 500 அடி, கரண்ட் போச்சு. எல்லாம் இருட்டு. ஊட்டுக்காரி பக்கத்து ரூம்ல இருந்து "இறங்கிட்டீங்களா?"ன்னா.

நெச செஸ்னால பேட்டரி ஆல்டர்னேட்டர் எல்லாம் செத்தாலும் எஞ்சின் பாட்டுக்கு ஓடும், ஸ்பார்க்குக்கு மேக்னெட்டோ தனி. நம்மகிட்ட அது இல்லை. இழை முழுக்க சக்கரம், ஃப்ளாப்பின்னு எழுதிட்டு யுபிஎஸ்ஸை எழுத மறந்துட்டேன். வாங்குங்க.

3 ஆகஸ்ட், இரவு 10.10

தம்பி மெசேஜ் போட்டிருக்கார். ஹெட் டிராக்கிங் போட்டாச்சாம், மேசையை நகர்த்தியாச்சாம், செகண்ட் ஹேண்ட்ல ஹால் சென்சார் பெடல் ஒண்ணு வாங்கியாச்சாம், மிச்சம் பதினாறாயிரம் இருக்காம். "இப்போ விஆர் வாங்கலாமா?"

வாங்குங்க. இத்தனை எழுதினப்புறம் இதைச் சொல்றது எனக்கே ஒரு மாதிரிதான் இருக்கு. ஆனா அந்த ஒரு வாரம் முடிஞ்சு ஹெட்செட்டைத் திருப்பிக் குடுத்த ராத்திரி மானிட்டர்ல உக்காந்தேன், செஸ்னா சப்பையா தெரிஞ்சுது. அதை 19 ஜூன் பதிவுல எழுதாம விட்டுட்டேன். ஃபேன் மட்டும் மறக்காதீங்க.

9 ஆகஸ்ட், காலை 7.00

பெடல் ஸ்பிரிங் அளவு கேட்டிருந்தவருக்கு. நான் முதல்ல வாங்கினது ஸ்கூட்டர் சென்டர் ஸ்டாண்டு ஸ்பிரிங், ரொம்ப முரடு, அரை மணி நேரத்துல கெண்டைக்கால் பிடிச்சுக்கிச்சு. இப்போ இருக்கிறது சைக்கிள் ஸ்டாண்டு ஸ்பிரிங், பக்கத்துக்கு ஒண்ணு. ரெண்டும் ஒரே கடையில ஒரே தடவையில வாங்குங்க, இல்லாட்டி நடு ஒரு பக்கமா சாயும். பேரிங்குக்கு கிரீஸ் வைங்க, தேங்காயெண்ணெய் வேண்டாம், எறும்பு வரும்.